கடலில் காணாமற்போனவரைக் கண்டறிதல்: அந்தமானும் செயற்கைக்கோள் கருவிகளும்

வங்காள விரிகுடாவின் தென்கிழக்கில், சென்னையிலிருந்து 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில், வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்தில் தீவு, திட்டு, பாறை என 836 நிலத்துண்டுகள் உள்ளன. அவற்றுள் மக்கள் குடியிருப்பவை நாற்பதுக்கும் குறைவு. இவற்றைச் சூழ்ந்து, மீன்பிடிக்கவும் கடலடி வளங்களை எடுக்கவும் இந்தியாவுக்குத் தனியுரிமை உள்ள கடற்பரப்பு மட்டும் சுமார் ஆறு லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல் நான்கு மடங்குக்கும் மேல், விரிந்திருக்கிறது. போர்ட் பிளேயர் என நெடுங்காலம் வழங்கி, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட தலைநகரையும், அதனை அடுத்துள்ள சௌல்தாரி முதலிய தெற்கு அந்தமான் ஊர்களையும் விட்டுக் கடலுக்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றதுமே கைபேசிச் சிக்னல் அற்றுப்போகிறது. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை அந்தமான் கடலடிக் கண்ணாடி இழை வடம் போர்ட் பிளேயருக்கும் வேறு ஏழு தீவுகளுக்கும் விரைவான இணையத்தைக் கொண்டுசேர்த்ததென்றாலும், வடம் தரையில் முடிவது. அதனால் படகில் இருப்பவருக்கு நேரடியாக எப்பயனும் இல்லை. எஞ்சின் நின்றுபோன ஒரு படகு தன் இடத்தைக் கரைக்குச் சொல்ல வேண்டுமானால் வானத்தின் வழியாகத்தான் சொல்லியாக வேண்டும்.

செயற்கைக்கோளின் உதவியால் இடத்தைக் கண்டறிவது பற்றிப் பொதுமக்களிடையே பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தை முதலில் களைய வேண்டியிருக்கிறது. ஜி.பி.எஸ். கருவியை வைத்திருப்பவரை மேலே இருக்கும் செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் அந்தச் செயற்கைக்கோளுக்குக் கீழே யார் இருக்கிறார் என்பதே தெரியாது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோளும் தன்னிடமுள்ள அணுக்கடிகாரத்தின் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. கையிலுள்ள கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்புகளைக் கேட்டு, ஒவ்வொன்றும் தன்னை வந்தடைய எடுத்துக்கொண்ட நேர வேறுபாட்டிலிருந்து ஒவ்வொன்றின் தொலைவையும் கணக்கிட்டு, அத்தொலைவுகள் யாவும் பொருந்தி வரும் ஒரே புள்ளியைத் தன் இடமாகக் காட்டுகிறது. இது கேட்கும் வேலை மட்டுமே. கேட்டு அறிந்த இடத்தைப் பிறருக்குச் சொல்வது முற்றிலும் வேறொரு வேலை. அதற்குத் தனியான ஒலிபரப்பியும், அதன் குரலைப் பிடிக்க வேறொரு செயற்கைக்கோளும், அச்செயற்கைக்கோளின் செய்தியைத் தரையில் பெற்று உரியவருக்கு அனுப்ப ஒரு நிலையமும் வேண்டும். மலையிலும் காட்டிலும் கடலிலும் உயிரிழந்தவர்களில் பலர் தாங்கள் இருந்த இடத்தைத் துல்லியமாக அறிந்திருந்தும் அதைச் சொல்ல வழியின்றி இறந்தவர்கள் என்பதை எண்ணும்போது, இந்த வேறுபாடு வெறும் தொழில்நுட்ப நுணுக்கமாகத் தோன்றாது.

கேட்கும் வேலைக்கு இந்தியா தனக்கென அமைத்துக்கொண்டது நாவிக் என்னும் அமைப்பு. 1999ஆம் ஆண்டு கார்கில் போருக்குப் பின், பிற நாட்டின் இடங்காட்டும் அமைப்பை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்ற எண்ணம் வலுப்பெற்றதன் விளைவாக உருவான இதில், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஏழு செயற்கைக்கோள்கள் இருக்கும்படி திட்டமிடப்பட்டது. இந்திய நிலப்பரப்பும் அதன் எல்லையிலிருந்து 1,500 கிலோமீட்டர் வரையிலான சுற்றுப்புறமும் இதன் வரம்பு என்பதால் அந்தமான் கடல் முழுவதும் இதனுள் அடங்குகிறது. ஆயினும் முதற்கட்டச் செயற்கைக்கோள்கள் சிலவற்றின் அணுக்கடிகாரங்கள் பழுதடைந்ததாலும், 2025 ஜனவரியில் ஏவப்பட்ட என்.வி.எஸ்.02 தனக்குரிய சுற்றுப்பாதையை அடைய முடியாமற்போனதாலும் இவ்வமைப்பு இன்னும் முழு வலுப்பெறவில்லை. ஆகவே இன்று விற்கப்படும் கருவிகள் பலவும் நாவிக், ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ எனப் பல அமைப்புகளையும் ஒருசேரக் கேட்கின்றன. கடலில் செல்பவருக்கு அதுவே நல்லது.

சொல்லும் வேலைக்கு உலக அளவில் நெடுங்காலமாக உழைத்துவருவது காஸ்பாஸ் சார்சாட் என்னும் பன்னாட்டு அமைப்பு. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் யூனியன் ஆகிய நான்கு நாடுகள், பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்திலும், விபத்தில் சிக்கிய மனிதரைக் காப்பதில் பகை பாராட்டுவதில்லை என ஒன்றுகூடி உருவாக்கியது இது. 1982 ஜூனில் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரிலேயே கனடாவில் நொறுங்கிய சிறு விமானம் ஒன்றின் பயணிகள் இதன் உதவியால் மீட்கப்பட்டனர். அபாயத்தில் சிக்கிய கப்பலோ விமானமோ தனிமனிதரோ இயக்கும் கருவி, 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், சுமார் 50 விநாடிக்கு ஒருமுறை, அரை விநாடி அளவே நீடிக்கும் சிறு துடிப்பு ஒன்றை அனுப்புகிறது. அத்துடிப்பினுள் அக்கருவிக்கு மட்டுமே உரிய அடையாள எண்ணும், ஜி.பி.எஸ். இணைக்கப்பட்டிருந்தால் இடமும் பொதிந்திருக்கும். இடம் பொதிந்திராத பழைய கருவியையும் கண்டுபிடிக்க முடிவதற்குக் காரணம் உண்டு: நடைமேடையைக் கடக்கும் ரயிலின் ஊதல் நெருங்கும்போது கூர்மையாகவும் விலகும்போது தணிந்தும் கேட்பதைப் போல, விரைந்து கடந்துசெல்லும் செயற்கைக்கோளுக்கும் கருவியின் அலைவரிசை சிறிது ஏறி இறங்கித் தெரிகிறது, அந்த ஏற்ற இறக்கத்திலிருந்து கருவி இருக்கும் இடத்தைச் சில கிலோமீட்டர் வட்டத்துக்குள் கணித்துவிடலாம். கப்பலில் பொருத்தப்படும் வகை, கப்பல் மூழ்கும்போது நீரின் அழுத்தத்தாலேயே கூட்டிலிருந்து விடுபட்டு, மேலெழுந்து மிதந்து, தானாகவே இயங்கத் தொடங்கி, 48 மணி நேரம் ஓயாமல் கூவும்படி அமைக்கப்பட்டுள்ளது.

இவ்வமைப்பின் இந்தியக் கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இஸ்ரோவின் பொறுப்பில் இயங்குகிறது. இந்தியாவுக்கு மட்டுமன்றி இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம், நேபாளம், பூட்டான், சீஷெல்ஸ், தான்சானியா ஆகிய நாடுகளின் அபாய அழைப்புகளையும் அதுவே பெற்றுத் தருகிறது. கடலில் எழும் அழைப்பு அங்கிருந்து இந்தியக் கடலோரக் காவற்படையின் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களுக்குச் செல்கிறது. மும்பை, சென்னை, போர்ட் பிளேயர் என இம்மையங்கள் மூன்று. இந்தியா தேடி மீட்கும் பொறுப்பேற்றுள்ள கடற்பரப்பு 46 லட்சம் சதுர கிலோமீட்டர்.

சர்வதேசத் தரத்திலான இக்கருவிகளின் விலை சிறு படகுக்காரருக்கு எட்டாதது என்பதை உணர்ந்த இஸ்ரோ, மீனவருக்கெனவே எளிய அபாய அறிவிப்புக் கருவி ஒன்றை வடிவமைத்து 2010ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. டி.ஏ.டி. என அழைக்கப்படும் இதில் தீ, படகு மூழ்குதல், ஆள் கடலில் விழுதல், மருத்துவ உதவி எனக் கடலில் பெரும்பாலும் நேரும் நான்கு ஆபத்துகளுக்கும் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. இந்த ஏற்பாட்டின் அருமை கடல் கொந்தளிக்கும்போதுதான் விளங்கும்: நனைந்து விறைத்த விரல்களால், இருட்டில், ஆடும் தளத்தில் நின்றுகொண்டு எழுத்துகளைத் தட்டிச் செய்தி அனுப்ப எவராலும் இயலாது, ஒரு பொத்தானை அழுத்த இயலும். அவ்வாறு அழுத்தியதும் படகின் அடையாளமும் இடமும் ஆபத்தின் வகையும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் வழியே பெங்களூர் சென்று, அங்கிருந்து மீட்பு மையத்தை அடைகின்றன. தீ என்றால் அருகிலுள்ள எந்தக் கப்பலையும் உடனே திருப்பி அனுப்ப வேண்டும். மருத்துவ உதவி என்றால் ஹெலிகாப்டரும் மருத்துவரும் தேவைப்படலாம். ஆகவே எந்தப் பொத்தான் என்பது மீட்பவருக்கு மிக முக்கியம். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் இவ்வாறு பயன்பாட்டுக்கு வந்துள்ளதாக 2024இன் தொடக்கத்தில் இஸ்ரோ தெரிவித்தது.

இத்தகைய கருவி படகில் இல்லாதபோது என்ன நேர்கிறது என்பதற்கு அந்தமானிலேயே சான்றுகள் உண்டு. 2019 செப்டம்பர் இறுதியில், அவ்வழியே செல்லும் கப்பல்களுக்கு மளிகைப் பொருளும் குடிநீரும் விற்பதற்காகத் தீவிலிருந்து படகில் புறப்பட்ட இருவர் புயலில் சிக்கித் திசை தவறினர். 28 நாள் வங்காள விரிகுடாவில் மிதந்து படகு ஒடிசாவின் புரி மாவட்டக் கரையில் ஒதுங்கியபோது ஒருவர் மட்டுமே உயிருடன் இருந்தார். ஏறத்தாழ ஒரு மாதக் காலம், கப்பல்கள் சென்றுவரும் கடலில் ஒரு படகு மிதந்துகொண்டிருந்தும் கண்ணில் படாமற்போனது வியப்பன்று. அலைகளுக்கிடையே தாழ்ந்து கிடக்கும் சிறு படகைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து காண்பதும் கடினம், ராடாரில் பிரித்தறிவதும் கடினம். இதைவிடக் கொடியது 2006 ஜனவரியில் நேர்ந்தது: இரவில் நங்கூரமிட்டு உறங்கிய மீனவர் இருவரின் படகு நங்கூரம் பிடிவிட்டு வடக்கு சென்டினல் தீவின் கரையை நோக்கி அடித்துச் செல்லப்பட, வெளியுலகத் தொடர்பை அறவே மறுத்து வாழும் அத்தீவின் மக்களால் இருவரும் கொல்லப்பட்டனர். அத்தீவைச் சுற்றி ஐந்து கடல்மைல் தொலைவுக்குள் எவரும் செல்லக் கூடாது என்பது சட்டம். தீவினரின் தனிமையையும் உடல்நலத்தையும் காப்பதற்காக உள்ள அந்த எல்லையைப் படகு நெருங்கும்போதே மணியடித்து உறங்குபவரை எழுப்பும் கருவி ஒன்று அன்று இருந்திருந்தால், மீனவரும் பிழைத்திருப்பர், தீவினரும் தொல்லையுறாது இருந்திருப்பர்.

செய்தி கடலிலிருந்து கரைக்கு வந்தால் மட்டும் போதாது, கரையிலிருந்தும் கடலுக்குச் செல்ல வேண்டும் என்பதைத் தமிழகம் மிகப்பெரிய விலை கொடுத்து அறிந்துகொண்டது. 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலில் ஒக்கி புயல் வீசியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களைச் சேர்ந்த தங்குகடல் மீனவர்கள், அதாவது நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள், நெடுந்தொலைவில் இருந்தனர். எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது அதைக் கேட்கும் எல்லையைக் கடந்து அவர்கள் போயிருந்தனர். கரைக்கு எட்டும் வயர்லெஸ் கருவியின் வீச்சு அத்தொலைவுக்குப் போதவில்லை. அப்பேரிழப்புக்குப் பின்னரே செயற்கைக்கோள் வழியே ஆழ்கடலுக்கு எச்சரிக்கை அனுப்பும் முயற்சிகள் விரைவு பெற்றன. 2019 அக்டோபரில் அறிமுகமான ஜெமினி என்னும் கருவி, விமானங்களுக்கு வழிகாட்டும் ககன் அமைப்பின் செயற்கைக்கோள்களிலிருந்து புயல், பேரலை, மீன்வளம் பற்றிய செய்திகளைப் பெற்று மீனவரின் கைபேசியில் காட்டியது. ஆனால் அது கேட்க மட்டுமே வல்லது. பழைய டி.ஏ.டி.யோ சொல்ல மட்டுமே வல்லது: பொத்தானை அழுத்தியவருக்குத் தம் அழைப்பு போய்ச்சேர்ந்ததா என்பது தெரியாது. காப்பாற்ற எவரேனும் வருகிறார்களா என்று அறியாமல் காத்திருப்பது, இருக்கும் தண்ணீரைச் சிக்கனமாகக் குடிப்பதா, படகை விட்டு நீந்துவதா என்ற முடிவையே மாற்றிவிடக் கூடியது. 2024 ஜனவரியில் இஸ்ரோ வெளியிட்ட இரண்டாம் தலைமுறை டி.ஏ.டி. இக்குறையைத் தீர்த்தது, அழைப்பு கிடைத்துவிட்டது என்ற பதில் இப்போது படகுக்கே திரும்பி வருகிறது, புயல், சுனாமி எச்சரிக்கைகளும் வருகின்றன, புளூடூத் வழியே கைபேசியில் தாய்மொழியிலேயே அவற்றைப் படிக்கலாம். அதே ஆண்டு ஆகஸ்டில், 364 கோடி ரூபாய்ச் செலவில் ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இருவழித் தொடர்புள்ள டிரான்ஸ்பாண்டர் கருவிகளை இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதியும் இதில் உண்டு. சென்டினல் தீவின் ஐந்து கடல்மைல் எல்லையையும் அதே வகையில் அந்தமான் படகுகளின் கருவிகளில் பதிந்து வைப்பது செய்யத்தக்க, செய்யவேண்டிய பணி.

எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு என்பதையும் அந்தமான் வழித்தடமே காட்டியிருக்கிறது. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்கு 29 பேருடன் புறப்பட்ட இந்திய விமானப்படையின் ஏ.என்.32 விமானம் வங்காள விரிகுடாவின் மேல் மறைந்தது. அபாய அழைப்பு எதுவும் வரவில்லை. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. வானொலி அலைகள் கடல்நீரை ஊடுருவிச் செல்லக்கூடியவை அல்ல; ஆகவே விழுந்த வேகத்திலேயே மூழ்கிவிடும் விமானத்தின் அவசர ஒலிபரப்பி, பழுதின்றி இருந்தாலும், செயற்கைக்கோளுக்குக் கேட்காது. நீருக்கடியிலிருந்து ஒலியாகக் கூவும் வேறொரு வகைக் கருவியே அங்குப் பயன்படும், அதுவும் மின்கலம் தீரும் வரை. ஏழரை ஆண்டுகளுக்குப் பின், சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி ஊர்தி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் அவ்விமானத்தின் சிதைவுகளைப் படமெடுத்தது. 2024 ஜனவரியில் அச்செய்தி வெளியானது. 2014 மார்ச்சில் மறைந்த மலேசிய விமானம் எம்.எச்.370ஐத் தேடியவர்களும் தொடக்கத்தில் அந்தமான் கடல்வரை வந்து தேடினர். அவ்விமானத்துக்குப் பின்னரே, பெருங்கடல்களின் மேல் பறக்கும் பயணிகள் விமானங்களின் இடத்தைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையேனும் அறிந்திருக்க வேண்டும் என்ற விதி உலகெங்கும் வந்தது. ஆபத்து நேர்ந்தபின் கூவுவதை மட்டும் நம்பாமல், நேருமுன்னரே இடைவிடாது இடத்தைச் சொல்லிக்கொண்டிருப்பது என்ற இந்த மாற்றமே படகுகளின் டிரான்ஸ்பாண்டருக்கும் அடிப்படை.

திருட்டைக் கண்டறிவதற்கும் இதே அடிப்படை உதவுகிறது. கடலில் திருட்டு என்பது பொருளோடு நிற்பதில்லை, உயிரையும் சேர்த்தே கொண்டுபோகிறது. 1999 அக்டோபரில் இந்தோனேசியாவின் கோலா தஞ்சுங் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 7,000 டன் அலுமினியத்துடன் புறப்பட்ட அலோந்திரா ரெயின்போ என்னும் கப்பல் கொள்ளையரால் கைப்பற்றப்பட்டது. அதன் மாலுமிகள் 17 பேரும் உயிர்காப்பு மிதவை ஒன்றில் இறக்கிவிடப்பட்டு, பத்து நாள் மிதந்து, தாய்லாந்தின் அந்தமான் கடற்கரைக்கு அப்பால் மீன்பிடிப் படகு ஒன்றால் மீட்கப்பட்டனர். கப்பலோ பெயர் மாற்றி எழுதப்பட்டு, இந்தியப் பெருங்கடலைக் கடந்து அரபிக்கடல் வரை சென்றுவிட்டது. கோலாலம்பூரிலுள்ள கடற்கொள்ளை அறிவிப்பு மையம் பிற கப்பல்களுக்கு அனுப்பிய எச்சரிக்கையின் பேரில், அக்கப்பலை ஒத்த ஒன்றைக் கண்ட கப்பலின் தகவலைக் கொண்டு, இந்தியக் கடலோரக் காவற்படையும் கடற்படையும் அதனைத் துரத்தி நவம்பர் நடுவில் பிடித்தன. அன்று கண்ணால் கண்டு சொன்னதே துப்பாயிற்று. 2004 ஜூலை முதல் பன்னாட்டுக் கப்பல்களில் கட்டாயமாக்கப்பட்ட பாதுகாப்பு எச்சரிக்கை அமைப்பு இவ்வகைத் திருட்டுக்கான விடை: மறைவிடத்திலுள்ள பொத்தானை மாலுமி அழுத்தினால் கப்பலில் மணி எதுவும் ஒலிக்காது, கொள்ளையருக்குத் தெரியாமலே கப்பலின் இடம் செயற்கைக்கோள் வழியே உரிமையாளருக்கும் அரசுக்கும் போய்ச்சேரும்.

சிறு படகுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாதிருந்ததன் விளைவை 2008 நவம்பரில் நாடே அறிந்தது. குஜராத்தின் குபேர் என்னும் மீன்பிடிப் படகு நடுக்கடலில் கடத்தப்பட்டு, அதன் மீனவர்கள் கொல்லப்பட்டு, அதே படகில் மும்பைத் தாக்குதலாளிகள் கரைக்கு அருகே வந்துசேர்ந்தனர். ஒரு படகு திருடுபோனது அது பெருந்துயரில் முடியும் வரை கரையில் எவருக்கும் தெரியவில்லை. கைவிடப்பட்ட அப்படகிலிருந்து கிடைத்த ஜி.பி.எஸ். கருவியும் செயற்கைக்கோள் தொலைபேசியும் புலனாய்வுக்குப் பின்னர் உதவின. இருபது மீட்டருக்கு மேற்பட்ட படகுகளில் தானியங்கி அடையாளக் கருவி கட்டாயமாயிற்று; அதைவிடச் சிறியவையே நாட்டில் மிகப் பெரும்பான்மை என்பதால், அவற்றுக்கான தேசியத் திட்டம் வர மேலும் பதினைந்தாண்டுகள் சென்றதை வருத்தத்துடனே குறிப்பிட வேண்டியிருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்ட மீனவர்கள் கோடியக்கரைக்குக் கிழக்கே அடிக்கடி சந்திக்கும் வழிப்பறியில் கொள்ளையர் முதலில் பறிப்பவை எஞ்சின், வலை, வாக்கிடாக்கி, ஜி.பி.எஸ். கருவி ஆகியவையே. கைக்கு எட்டும் இடத்தில் மாட்டிவைத்த கருவி திருடனைக் காட்டிக்கொடுப்பதற்கு முன் தானே திருடுபோய்விடும். பார்வைக்குத் தெரியாதபடி, தனி மின்கலத்துடன், படகின் உடலோடு பொருத்தப்பட்டதே திருட்டுக்கு எதிராகப் பயன்படும்.

தரையில் நிலைமை வேறு. இருசக்கர வாகனத்துக்கும் காருக்கும் கடைகளில் விற்கப்படும் இடங்காட்டிகள் ‘செயற்கைக்கோள் கருவி’ என்று சொல்லப்பட்டாலும், அவை செயற்கைக்கோளைக் கேட்டு இடத்தை அறிந்து, உள்ளே இருக்கும் சிம் அட்டை வழியே, சாதாரணக் கைபேசிக் கோபுரத்தின் மூலமாகவே உரிமையாளருக்குச் சொல்கின்றன. 2019 ஜனவரி முதல் புதிய பொதுப் போக்குவரத்து வாகனங்களில் கட்டாயமாக்கப்பட்ட ஏ.ஐ.எஸ்.140 தரத்து இடங்காட்டியும் அவசரப் பொத்தானும் இவ்வகையே. சௌல்தாரியிலிருந்து போர்ட் பிளேயருக்குச் சென்று திரும்பும் வண்டிக்கு இது போதும். ஆனால் ஜிர்காடாங் சோதனைச்சாவடியைக் கடந்து, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டினூடே வரிசையாகக் காவலுடன் செல்லும் அந்தமான் பெருவழிச்சாலையில் நெடுந்தூரம் சிக்னல் இல்லாதபோது, கருவி தன் இடத்தை நினைவில் சேர்த்துவைத்து, மறுபடி கோபுரம் கிடைத்ததும் ஒட்டுமொத்தமாக அனுப்புவதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாது. தீவுக்கே உரிய ஓர் அனுகூலமும் உண்டு: திருடிய வண்டி தீவைவிட்டு வெளியேற வேண்டுமானால் கப்பலில் ஏற வேண்டும், வடக்கே செல்லவும் மிடில் ஸ்ட்ரெய்ட் நீரிணையில் வாகனப் படகில் ஏற வேண்டும், ஆகவே திருட்டு உடனே தெரிந்துவிட்டால் காவல்துறை கண்காணிக்க வேண்டிய துறைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை.

பையிலும் பெட்டியிலும் போட்டுவைக்கும் வட்டமான சிறு வில்லைகளைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். அவை செயற்கைக்கோளைக் கேட்பதுமில்லை, அதனோடு பேசுவதுமில்லை. அருகில் கடந்துசெல்லும் பிறரின் கைபேசிகள் புளூடூத் வழியே அவற்றை உணர்ந்து இடத்தை அறிவிக்கின்றன. சென்னை விமான நிலையத்தில் தவறிய பெட்டியைக் கண்டுபிடிக்க மிகவும் ஏற்றவை. ஆளில்லாத் தீவின் கடற்கரையில் அவற்றால் பயனில்லை. திருடுபோன கைபேசியைச் செயற்கைக்கோள் கண்டுபிடிப்பதாக நினைப்பதும் பிழை, அதன் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு தொலைபேசி வலையமைப்பே கண்டறிகிறது, அதற்கு 2023 மே மாதம் முதல் நாடு முழுவதற்கும் சஞ்சார் சாத்தி தளத்தில் முறையிடலாம்.

இவற்றையெல்லாம் அறிந்தபின், வெளிநாட்டில் எளிதாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு அந்தமானுக்குச் செல்லலாம் என எண்ணும் பயணி, குறிப்பாக வெளிநாடு வாழ் தமிழர், சட்டத்தைக் கவனிக்க வேண்டும். மும்பைத் தாக்குதலுக்குப் பின் துராயா, இரிடியம் ஆகிய நிறுவனங்களின் செயற்கைக்கோள் தொலைபேசிகளுக்கு இந்தியாவில் அனுமதி இல்லை, பி.எஸ்.என்.எல். வழங்கும் இன்மார்சாட் சேவையும், தொலைத்தொடர்புத் துறை தனியாக அனுமதிப்பவையுமே சட்டபூர்வமானவை. மலையேறுபவர்கள் பயன்படுத்தும் கார்மின் இன்ரீச் என்னும் சிறு கருவி இரிடியம் செயற்கைக்கோள்களின் வழியே இயங்குவது என்பதால் அதுவும் தடைக்குள் வருகிறது. அதனைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் இந்திய விமான நிலையங்களில் தடுத்துவைக்கப்பட்டு வழக்கைச் சந்தித்துள்ளனர். உயிர்காக்க எடுத்துச்செல்லும் கருவிக்காக ஒருவர் காவல்நிலையத்தில் அமர்ந்திருப்பது மனத்தை உறுத்தும் காட்சியே. ஆயினும் அரசின் அச்சத்துக்கும் அடிப்படை உண்டு. 2024 நவம்பரில் அந்தமானின் பாரன் தீவுக்கு அருகே கடலோரக் காவற்படை பிடித்த மியான்மர் படகில் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட மெத்தாம்பெட்டமைன் போதைப்பொருளுடன், நடுக்கடலில் வழியறியவும் தொடர்புகொள்ளவும் உதவிய ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையக் கருவியும் இருந்தது. தடை நீடிப்பதாயின், தனிப்பயணி பதிவுசெய்து வாடகைக்கு எடுத்துச்செல்லத்தக்க உள்நாட்டுக் கருவி ஒன்றைத் துறைமுகங்களிலும் விமான நிலையத்திலும் கிடைக்கச் செய்வது அரசின் கடமையாகிறது. வெறும் தடை, நேர்மையான பயணியை மட்டுமே கருவியற்றவராக்குகிறது.

கருவி கைக்கு வந்தபின் எஞ்சுவது அதனைப் பேணும் வேலை. 406 மெகாஹெர்ட்ஸ் கருவியாயினும் டி.ஏ.டி.யாயினும், படகின் அடையாளமாக அதனுள்ளிருந்து புறப்படுவது ஓர் எண் மட்டுமே. அந்த எண் எந்தப் படகுக்குரியது, உரிமையாளர் யார், கரையில் யாரைக் கேட்க வேண்டும் என்பன பதிவேட்டில் இருந்தால்தான் மீட்பு மையத்துக்குத் தெரியும். படகு கைமாறும்போது பதிவு மாறாதிருப்பதும், உரிமையாளர் கைபேசி எண்ணை மாற்றிவிட்டுச் சொல்லாதிருப்பதும், காலாவதியான மின்கலத்துடன் கருவி ஆண்டுக்கணக்கில் தொங்குவதும், தவறுதலாகப் பொத்தான் அழுத்தப்பட்டால் உடனே தெரிவிக்காமல் இருந்துவிடுவதும் மீட்பவரின் நேரத்தை வீணாக்குகின்றன. கரையில் இருப்பவர் கடலில் உள்ளவரைப் பற்றிக் கவலையுற்றால் கடலோரக் காவற்படையின் 1554 என்ற கட்டணமில்லா எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மையத்திலிருந்து அழைப்பு வரும்போது, படகில் எத்தனை பேர் சென்றனர், எத்திசையில், எத்தனை நாளுக்கான டீசலும் குடிநீரும் ஏற்றினர், யாருக்கேனும் நோய் உண்டா என்று சொல்லத் தெரிந்த ஒருவரின் எண்ணையே பதிவேட்டில் கொடுக்க வேண்டும். பல வீடுகளில் அது படகில் செல்பவரின் சொந்த எண்ணாகவே இருந்துவிடுகிறது.